சூடேறுவது எது?

ஒலிப்பெருக்கியைப் போட்டவுடன் பாட்டுக் கேட்கக்கூடாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அரைமணி, சிலர் கணக்கில் ஒருமணி, அது சூடேறக் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகே அது தன் சொந்தக் குரலில் பேசும் என்பது இவர்கள் கட்சி. கருவிப் பைத்தியங்களின் விவகாரம் என்று இதை ஒதுக்கிவிடலாம். என்னால் ஒதுக்க முடியவில்லை. பார்வைக்கு அற்பமான இந்த நம்பிக்கைக்குள், விமர்சனம் என்ற பெயரில் நாம் செய்துகொண்டிருக்கும் காரியத்தின் அடிப்படைக் கேள்வி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஒரு பொருள் முன்பைவிட இப்போது நன்றாக இருக்கிறது என்று ஒருவன் சொல்லும்போது மாறியது பொருளா, சொல்பவனா? இதைத் தெரிந்துகொள்ள வழி உண்டா? வழி இருந்தும் தெரிந்துகொள்ள மறுப்பது ஒழுக்கக் குறைவு ஆகுமா?

கடைசிக் கேள்விதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. முதல் இரண்டையும் கடக்காமல் அங்கே போக முடியாது.

முதல் கேள்விக்குச் சந்தேகத்துக்கே இடமில்லாத ஒரு பதில் நம் பக்கத்தில் உண்டு. சுடலைமாடன் கொடைக்குக் கணியான் கூத்து வைக்கிற ஊர்களில் அதைப் பார்க்கலாம். அண்ணாவி பாட எழுந்திருக்கும் முன் மகுடக்காரர்கள் இருவர் ஒதுக்குப்புறமாக ஓலையைக் கொளுத்தி, மகுடத்தின் தோலைத் தீயில் காட்டிக்கொண்டிருப்பார்கள். காட்டுவது, எடுப்பது, விரலால் ஒரு தட்டு, காதைச் சாய்த்து ஒரு கணம், மறுபடி தீ. நகரத்திலிருந்து வருகிறவர்கள் இதை ஏதோ சடங்கு என்று நினைத்துப் படம் பிடிக்கிறார்கள். இதில் சடங்கு ஒன்றும் கிடையாது. தோல் ஈரத்தைக் குடிக்கும் பொருள். குடித்தால் நெகிழும்; நெகிழ்ந்தால் ஒலி தொங்கிப்போகும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. மூன்று பக்கத்துக் கடல்காற்று வேறு. இந்த ஊரில் தோற்கருவி வைத்திருப்பவன் வானிலையோடு ஓயாத வழக்கில் இருப்பவன். தீ ஈரத்தை விரட்டுகிறது. தோலின் இழுவிசை ஏறுகிறது. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இழுவிசை நான்கு மடங்கானால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். மகுடக்காரருக்கு வர்க்கமூலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது தெரியும்.

நிறுத்துகிற இந்த இடம்தான் எனக்கு விசேஷமாகப் படுகிறது. கொஞ்சம் குறைந்தால் பக்கத்து மகுடத்தோடு சேராது. கொஞ்சம் கூடினால் தோல் கிழியும். ஆகவே அவருடைய தீர்ப்பு உடனுக்குடன் தண்டனைக்கு உட்பட்ட தீர்ப்பு. "எனக்கு அப்படித்தான் கேட்கிறது" என்று சொல்லித் தப்பிக்க அங்கே வசதியில்லை. கூட இருப்பவன் கேட்கிறான், தோலும் கேட்கிறது. மணி இரண்டுக்குப் பனி இறங்கி ஒலி மந்தமானால் மறுபடி ஓலை கொளுத்த வேண்டும். ஒரே இரவில் பலமுறை ஏறி, பலமுறை இறங்கும் சூடு அது. இந்த இறக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

காற்றுக்கருவி இன்னொரு கதை. நாகஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து ஊறவைப்பதும், உருப்படி தொடங்குமுன் கொஞ்ச நேரம் ஊதிப் பார்ப்பதும் நமக்குத் தெரிந்ததே. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் வினாடிக்கு 0.6 மீட்டர் அளவு கூடுகிறது. குழலுக்குள் மூச்சுச் சூடு பரவப் பரவச் சுருதி லேசாக ஏறும். நம் வெயிலில் இந்த ஏற்றம் சொற்பம்தான். சீவாளி ஈரத்தில் பதமாவதே பெரிய மாற்றம். மிருதங்கத்தின் தொப்பியில் அப்புகிற ரவையும் இப்படியே. காயக் காய ஒலி மாறும். மாறினால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அப்புகிறார்கள். எல்லாமே ஸ்தூலமான மாற்றங்கள். அளக்கலாம், தொட்டுப் பார்க்கலாம்.

இனி மின்கருவிக்கு வருவோம்.

வால்வு ரேடியோ வைத்திருந்த தலைமுறைக்குக் காத்திருத்தல் பழக்கமான விஷயம். பித்தானைத் திருகினால் உடனே பேசாது. உள்ளே இழைகள் சிவக்க வேண்டும். சில பெட்டிகளில் பச்சைக் கண் ஒன்று மெல்ல விழிக்கும். பிறகு கொழும்பிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ குரல் ஆழத்திலிருந்து எழுந்து வருவதுபோல வரும். என் அப்பா இந்த எழுச்சியைப் பற்றிப் பேசும்போது கோயில் நடை திறப்பைப் பற்றிப் பேசுவதாகவே தோன்றும். விஷயம் இவ்வளவுதான்: வால்வின் எதிர்முனையில் பூசியிருக்கும் ஆக்ஸைடு ஏறக்குறைய 700 டிகிரிக்குச் சூடானால்தான் எலெக்ட்ரான்கள் வெளியே குதிக்கும். இந்தக் குதிப்பின் விதியைக் கண்டதற்காக ஓவன் ரிச்சர்ட்ஸனுக்கு 1928-ம் வருஷத்து நோபல் பரிசு. ஆக வால்வுக் கருவி சூடேறினால்தான் பேசும் என்பது கவித்துவமான பேச்சு இல்லை, பௌதிகம். அரை நிமிஷத்தில் பேசத் தொடங்கி, பத்திருபது நிமிஷத்தில் உள்ளோட்டங்கள் ஒரு நிலைக்கு வந்து நிற்கும். 1984 அக்டோபரில் நாகர்கோவிலில் அகில இந்திய வானொலியின் முதல் உள்ளூர் நிலையம் வந்தபோது வால்வு ரேடியோக்கள் பெரும்பாலும் பரணுக்குப் போயிருந்தன. இப்போது அதே வால்வுகள் பணக்காரர்களின் கூடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கின்றன.

டிரான்ஸிஸ்டரும் சூட்டுக்கு மசிகிற பொருள்தான். ஒரு டிகிரிக்கு இரண்டு மில்லிவோல்ட் அளவு அதன் நுழைவு மின்னழுத்தம் சரியும். சரிந்தால் ஓட்டம் கூடும், கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் இன்னும் சரியும். இந்த விஷச் சுழலைத் தடுக்கத்தான் வெப்பத்தை உணரும் இன்னொரு டிரான்ஸிஸ்டரைப் பக்கத்திலேயே இரும்புச் சட்டம்போலப் பிணைத்து வைக்கிறார்கள். அவை இரண்டும் சமாதானத்துக்கு வரக் கால்மணி, அரைமணி ஆகலாம். அதுவரை, ஒலியலை மேலிருந்து கீழே தாண்டுகிற இடத்தில் ஒரு நுண்ணிய பிசகு இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். ஒழுங்காகக் கட்டிய கருவியில் இந்தப் பிசகு நூற்றில் ஒரு பங்கினும் மிகச் சிறியது. இதை மனிதக் காது பாட்டின் நடுவே பிடிக்குமா என்பதே பிரச்னை.

ஒலிபெருக்கிக் கூம்பின் கதையோ தலைகீழ். அதன் சுருள் தாமிரம். தாமிரத்தின் தடை டிகிரிக்கு 0.4 சதவீதம் ஏறும். நூறு டிகிரி சூடேறிய சுருளில் தடை நாற்பது சதவீதம் கூடி, ஒலி மூன்று டெசிபல் அளவு குறையும். அதாவது இங்கே சூடு குரலை அமுக்குகிறது. வீட்டுக் கூடத்தில் மெதுவாகப் பாட வைக்கும்போது இவ்வளவு சூடு ஏறாது. கொடைக்குக் கட்டுகிற மைக் செட்டில் நடுநிசிக்கு இது நடக்கும். ஆனால் நடுநிசியில் மைக் செட் தளர்ந்துவிட்டது என்று யாரும் ரஸனைக் கட்டுரை எழுதியதில்லை.

இன்னொன்று. குளிர்நாட்டில், பனிக்காலத்தில், பத்து டிகிரி அறையில் கிடக்கும் கருவிக்குச் சூடேற்றம் அவசியப்படலாம். இசைத்தட்டு முள்ளைத் தாங்கும் ரப்பர் குளிரில் விறைக்கும். நாகர்கோவிலில் எந்த மாதத்தில் எது விறைக்கிறது? இங்கே எல்லாப் பொருளும் பிறந்தபோதே பாதிச் சூடேறிய பொருள்தான்.

ஆக நிலவரம் இது. மகுடத்தில் சூடேற்றம் மறுக்க முடியாதது. வால்வில் ஓரளவு உண்மை. டிரான்ஸிஸ்டரில் அளவுமானிக்குத் தெரியும், காதுக்குத் தெரிவது சந்தேகம். கூம்பில் எதிர்மாறானது. இருந்தும் கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில், ஒரே சொல்லால், "திறந்துவிட்டது" என்கிறார்கள். பொருளுக்குப் பொருள் காரணம் வேறுபடும்போது விளைவை வர்ணிக்கும் சொல் மாத்திரம் ஏன் மாறாமல் இருக்கிறது? அந்தச் சொல் கருவியைப் பற்றியதுதானா?

எனக்கு ஒரு நண்பர். கோட்டாறு கம்போளத்தில் மொத்த வியாபாரம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சொந்தச் செலவில் கட்டச் செய்த வால்வு ஒலிப்பெருக்கி ஒன்று அவரிடம் இருக்கிறது. அதில் காருகுறிச்சி அருணாசலத்தின் இசைத்தட்டைப் போட்டால் அவர் வேறு ஆளாகிவிடுவார். மாலை போனால் முதலில் பேச்சு, டீ. இடையில் ஏதாவது ஒரு தட்டு ஓடிக்கொண்டிருக்கும். "இது கணக்கில்லை வே, சும்மா ஓடட்டு. ஒரு அரை மணிக்கூறு பொறும்" என்பார். பிறகு ஒரு கட்டத்தில் கையை உயர்த்துவார். "இப்பம் கேளும். தெறந்துட்டுல்லா?"

இந்த "ல்லா"தான் என்னைச் சிக்கலில் மாட்டுகிறது. அது ஒரு கேள்வி. சாட்சியம் கேட்கிற கேள்வி. எதிரே இருப்பவர் என் நண்பர், டீ கொடுத்தவர், இசையில் எனக்குப் பல கதவுகளைக் காட்டியவர். நான் சொல்கிற பதில்: "வித்தியாசம் எனக்குப் பிடிபடல்ல. ஆனா இப்பம் நல்லாருக்கு." அவர் இதைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார். என் வாக்கியத்தில் பொய் இல்லை. நாற்பது நிமிஷத்துக்குப் பிறகு எனக்கும் நன்றாகவே இருக்கிறது. அந்த நன்மையை யார் கணக்கில் வரவு வைப்பது என்பதுதான் தகராறு.

காருகுறிச்சியார் 1964-ல் காலமானவர். இசைத்தட்டில் இருக்கிற நாகஸ்வரத்தின் சீவாளி பதமானதும், குழல் சூடேறியதும், வாசிக்கிறவரின் மனம் லயித்ததும் எல்லாம் அன்றே முடிந்து பள்ளத்தில் உறைந்துவிட்டன. அதற்கு மேல் திறக்க மிச்சம் இருப்பவை இரண்டு: ஒன்று கருவி, மற்றது நாங்கள். இதில் எங்களைப் பற்றிச் சில விஷயங்கள் தெரிந்திருக்கின்றன. ஒலியின் நேரடிப் பதிவு நினைவில் சில வினாடிகளுக்கு மேல் நிற்பதில்லை. அதற்குப் பிறகு இருப்பது ஒலியைப் பற்றிய அபிப்பிராயம்தான். அரைமணிக்கு முன் கேட்டதோடு இப்போது கேட்பதை ஒப்பிடுகிறேன் என்பவன் ஒரு ஒலியை ஒரு அபிப்பிராயத்தோடு ஒப்பிடுகிறான். இன்னொன்று: பெரும் இரைச்சலில் நாள் முழுக்க இருந்த காதின் கூர்மை தாற்காலிகமாக மழுங்கும், அமைதியில் நிமிஷங்களிலோ மணிகளிலோ அது மீளும். கம்போளத்தில் லாரிக்கும் சுமைக்காரர்களுக்கும் நடுவே பகலைக் கழித்து வருகிற ஒரு காது, டீ குடித்து நாற்பது நிமிஷம் உட்கார்ந்தால், நிஜமாகவே நன்றாகக் கேட்கத் தொடங்கும். அப்போது ஒலிப்பெருக்கியின் இடத்தில் ஒரு தகர டப்பா இருந்தாலும் அதற்கும் கொஞ்சம் புகழ் கிடைக்கும்.

இதைத் தீர்க்கச் சுலபமான வழி இருக்கிறது. கருவிக்கு முன் ஒரு துணியைத் தொங்கவிட்டு, ஒருநாள் ஒருமணி முன்பே போட்டு வைப்பது, ஒருநாள் அப்போதுதான் போடுவது. எது எந்த நாள் என்பது மூன்றாமவருக்குத்தான் தெரியும். நண்பர் கேட்டுச் சொல்ல வேண்டும். பத்து, பன்னிரண்டு நாளில் தெரிந்துவிடும். வெளிநாட்டில் 1980-களிலேயே இப்படி மறைத்து வைத்து ஒப்பிட்டுக் கேட்க உபகரணமே செய்துவிட்டார்கள். நான் இதைச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. "என்னைப் பரிச்சை வைக்கவா வந்தீரு?" என்றார்.

இந்த வார்த்தையில் நியாயம் இல்லாமல் இல்லை. நண்பன் சொல்வதைப் பரிசோதிப்பது நட்பின் ஒழுங்குக்குப் பொருந்துமா? ஒருவர் தன் ஆனந்தத்தைப் பகிர்ந்துகொள்ளக் கூப்பிடுகிறார். நான் துணியும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு போகிறேன். அவருடைய ஒருமணி நேர மாலை யாருக்கும் தீங்கில்லை. அதைக் கலைக்க எனக்கு என்ன உரிமை?

தீங்கில்லை என்கிற இடத்தில்தான் நான் அவரோடு முரண்படுகிறேன். அவர் சொல் அவர் கூடத்தோடு நிற்பதில்லை. அவர் பேச்சை வேதமாக எடுத்துக்கொண்டு, மாதச் சம்பளத்தில் இருக்கும் ஒரு இளைஞர் எட்டு மாத ஊதியத்துக்குச் சமமான தொகையைக் கடன் வாங்கி அதே மாதிரி ஒரு கருவி கட்டச் செய்தார். தவணை கட்டுகிறவர்களின் முகத்தைத் தினமும் கவுன்டருக்கு அந்தப் பக்கம் பார்க்கிறவன் நான். அந்த இளைஞருக்கும் "திறக்கிறது". எப்படித் திறக்காமல் இருக்கும்? அவ்வளவு பணம் போட்டபின் திறக்கவில்லை என்று தன்னிடமே சொல்லிக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? ஒருவருடைய சோதிக்கப்படாத ஆனந்தம் இன்னொருவருடைய கடனாக மாறுகிற கணத்தில், பரீட்சைக்கு உட்பட மறுப்பது தனிப்பட்ட விஷயம் என்கிற அந்தஸ்தை இழந்துவிடுகிறது என்பது என் வாதம். நண்பருக்குத் தன் மாலைகள் மேல் பூரண உரிமை உண்டு. அடுத்தவனுக்குச் சிபாரிசு செய்கிற உரிமைக்கு ஒரு விலை உண்டு. துணிக்கு இந்தப் பக்கம் உட்காரச் சம்மதிப்பது அந்த விலை.

டேவிட் ஹியூம் 1757-ல் ரஸனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில் டான் க்விக்ஸோட்டிலிருந்து ஒரு கதையை எடுத்து ஆள்கிறார். சாஞ்சோவின் உறவினர் இரண்டு பேர் ஒரு பீப்பாய் மதுவை ருசி பார்க்கிறார்கள். நல்ல மதுதான், ஆனால் லேசாகத் தோல் வாடை என்கிறான் ஒருவன். லேசாக இரும்பு வாடை என்கிறான் மற்றவன். சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய பழைய சாவி ஒன்று கிடக்கிறது. நுண்ணிய ரஸனை என்பது வெறும் பாவனை இல்லை என்பதற்கு ஹியூம் காட்டும் ஆதாரம் இந்தச் சாவி. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அவர்கள் நாக்கு மட்டுமல்ல. பீப்பாயைக் காலி செய்ய யாரும் தடை சொல்லவில்லை என்பதும்தான். பீப்பாயை மூடி வைத்துக்கொண்டு, என் நாக்கை நம்பு என்று அவர்கள் சொல்லியிருந்தால் ஹியூமுக்குக் கதையே இல்லை.

நகைக்கடன் கொடுக்கும் வங்கியில் வேலை செய்கிறவனுக்கு இது தினசரி அனுபவம். மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, திராவகத்தில் ஒரு சொட்டு விட்டு, மாற்றுச் சொல்லிவிடுவார். கண்ணால் பார்த்த உடனே அவருக்குத் தெரிந்துவிடுகிறது என்றே நினைக்கிறேன். ஆனாலும் உரைக்கிறார். தனக்குத் தெரியும் என்பதால் உரைக்காமல் விடுகிற மதிப்பீட்டாளரிடம் நீங்களோ நானோ நகையைக் கொடுப்போமா?

இலக்கியத்துக்கு உரைகல் கிடையாது என்பீர்கள். தெரியும். பீப்பாய்க்கு அடியில் நமக்குச் சாவி கிடைக்கப் போவதில்லை. அதனால்தான் நம் விஷயம் ஒலிப்பெருக்கிக்காரர்களுடையதைவிட மோசம். ஒரு கவிதை முதல் வாசிப்பில் மூடியிருந்தது, மூன்றாம் வாசிப்பில் திறந்தது என்று நாமும்தான் எழுதுகிறோம். கவிதையில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை என்பது இங்கே நிச்சயம். ஒலிப்பெருக்கிக்காரனுக்கு இருக்கிற அந்தச் சின்னச் சந்தேகத்தின் பலன்கூட நமக்கு இல்லை. மாறியது நாம்தான். பழைய மரபு இதைத் தயங்காமல் ஒப்புக்கொண்டது. கவிதையில் தொடர்ந்து பழகிப் பழகிக் கண்ணாடிபோல் துலங்கிய மனம் உள்ளவனே சகிருதயன் என்றார் அபிநவகுப்தர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலை முடிக்கிற இடத்தில், கண்ணும் செவியும் கூர்மையாக உணர வல்லவர்க்குத்தான் இதெல்லாம் பொருள்படும் என்று கையைக் கழுவிக்கொள்கிறார். சூடேற வேண்டியது வாசகன் என்பது இவர்களுக்குச் சங்கடமான செய்தியாக இல்லை.

நமக்குச் சங்கடம் வேறிடத்திலிருந்து வருகிறது. 1968-ல் ராபர்ட் ஸையோன்ஸ் என்கிற உளவியலாளர் அர்த்தமில்லாத சொற்களையும், பார்ப்பவர்களுக்குத் தெரியாத சீன எழுத்துகளையும் திரும்பத் திரும்பக் காட்டிப் பார்த்தார். அதிகம் கண்ணில் பட்டது அதிகம் பிடித்துப்போயிற்று. வெறும் பரிச்சயம் போதும். பொருளில் சரக்கு இருக்க வேண்டிய அவசியமில்லை. மூன்றாம் வாசிப்பில் கவிதை திறந்தது என்று சொல்கிற விமர்சகன் இந்தச் சீன எழுத்துகளைத் தாண்டி வந்தாக வேண்டும். திறந்தது கவிதையா, பரிச்சயமா? அபிநவகுப்தரின் துலக்கமும் ஸையோன்ஸின் பழக்கமும் உள்ளிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, திறந்தபின் என்ன கிடைத்தது என்று இன்னொருவனுக்குக் காட்ட முடிகிறதா என்பது. இந்த வரி இந்த வரியோடு இப்படிச் சேர்கிறது, இந்தச் சொல் அங்கே இதைச் செய்கிறது என்று விரலை வைத்துக் காட்டினால், மூன்று முறை படிக்காதவனுக்கும் அது தெரிய வேண்டும். அவனுக்குப் பிடிக்காமல் போகலாம், தெரியாமல் போகக்கூடாது. காட்ட முடியாமல், "நீ இன்னும் படி" என்று மாத்திரம் சொல்லத் தோன்றினால் அங்கே பழக்கம்தான் பேசுகிறது என்று சந்தேகிப்பேன்.

"நீ இன்னும் படி" என்பதிலும் ஒரு அநீதி ஒளிந்திருக்கிறது. யாருடைய கவிதைக்கு நாம் மூன்றாம் வாசிப்பைக் கொடுக்கிறோம்? நம் பத்திரிகையில் எழுதுகிறவருக்கு, நம்மோடு டீ குடிக்கிறவருக்கு. எதிர்முகாம்காரரின் தொகுதியை இரண்டாம் பக்கத்தில் மூடிவிடுகிறோம். அது சூடேற நாம் நேரம் கொடுப்பதில்லை. பிறகு நம்முடையது திறந்தது, அவருடையது திறக்கவில்லை என்று எழுதிவைக்கிறோம். அரைமணி எல்லோருக்கும் சமமாகக் கொடுத்தபின் சொல்கிற தீர்ப்புக்கும், வேண்டியவருக்கு மட்டும் கொடுத்துவிட்டுச் சொல்கிற தீர்ப்புக்கும் உள்ள தூரம் ரஸனை சம்பந்தப்பட்டதில்லை. அது நேர்மை சம்பந்தப்பட்டது. வெளியூரில் எங்கோ ஒரு வாசகன் நம் மதிப்புரையை நம்பித் தபாலில் புத்தகம் தருவிக்கிறான். அவனும் ஒரு வகையில் தவணை கட்டுகிறவன்தான்.

மகுடக்காரரை இந்த இடத்தில் மறுபடி நினைத்துக்கொள்கிறேன். ஒலியும் சூடும் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இந்த மாவட்டத்திலேயே சோதனைக்கு நிற்கக்கூடிய அறிவு அவரிடம் இருக்கிறது. அவரை யாரும் ரசிகர் என்றோ நிபுணர் என்றோ அழைத்ததில்லை. தோலோடு வேலை செய்கிறவர்களின் அறிவுக்கு நாம் வைத்த பெயர் தொழில். சில சமயம் அந்தப் பெயரும் வசையாகத்தான் வந்தது. கூடத்தில் ஸோபாவில் உட்கார்ந்து, துணிக்கு இந்தப் பக்கம் வர மறுக்கிற அறிவுக்கு வைத்த பெயர் ரஸனை. கொடை நடக்கும் தெருவில் மைக் செட் அலறினால் ஒரு நிமிஷத்தில் ஜன்னலைச் சாத்துகிறோம். வால்வுக்குக் கொடுக்கிற அரைமணியில் பத்து நிமிஷம் அந்தப் பாட்டுக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

கச்சேரிக்காரர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: களை கட்டுதல். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய கச்சேரி முறையில் முதலில் வர்ணம் வருகிறது. அது பாடகரின் குரலுக்கும், பக்கவாத்தியத்துக்கும், மைக்காரருக்கும், நேரம் கழித்து வந்து செருப்பு விட இடம் தேடுகிற சபையோருக்கும் சேர்த்துத்தான். பிறகு ஒரு கட்டத்தில் "கச்சேரி களை கட்டியது" என்கிறோம். வாக்கியத்தின் எழுவாயைக் கவனியுங்கள். பாடகர் களை கட்டவில்லை, கேட்பவனும் கட்டவில்லை; கச்சேரி கட்டியது. யாருக்கு வரவு என்பதைப் பிரிக்காமல் ஒரு பொதுக் கணக்கில் போட்டுவிடுகிற சாமர்த்தியம் இது. உயிரோடு எதிரே இருக்கும் பாடகருக்கும் சபைக்கும் இடையில் இது பொருந்தும். சபையின் சூடு பாடகரைத் தொடும், அவருடையது சபையைத் தொடும். ஒலிப்பெருக்கி என் முகத்தைப் பார்த்துப் பாடுவதில்லை. அச்சில் இருக்கிற கவிதையும் பார்ப்பதில்லை. அங்கே பொதுக் கணக்கு செல்லாது. பிரித்துத்தான் ஆக வேண்டும்.

பிரிப்பதற்கு மகுடத்தின் இறக்கம் உதவும் என்று தோன்றுகிறது. பொருளில் ஏறிய சூடு திரும்ப இறங்கும்; மகுடம் விடியுமுன் பலமுறை தளர்கிறது. கற்றுக்கொண்டது அப்படி இறங்குவதில்லை. ஒருமுறை திறந்த கவிதை மறுநாள் காலையில் மூடிக்கொள்வதில்லை. ஆகவே ஒவ்வொரு மாலையும் புதிதாக மூடி, புதிதாகத் திறக்கிற ஒன்று இருந்தால் அது கல்வி இல்லை. ஒன்று, நிஜமாகவே கருவி. அல்லது தினமும் களைத்து, தினமும் தெளிகிற நம் உடம்பு.

இந்த யோசனையில்தான் போன மாதம் நண்பரிடம் துணியைப் பற்றிப் பேசாமல் வேறொன்று கேட்டேன். கடை அடைப்பான ஞாயிற்றுக்கிழமையிலும் அதே அரைமணி ஆகிறதா?

யோசித்தார். "ஞாயித்துக்கிழமை சீக்கிரம் தெறந்திரும் வே. பத்து நிமிசம் போரும்" என்றார்.

நான் சொல்ல நினைத்ததை என் முகத்தில் படித்துவிட்டார் போலிருக்கிறது. உடனே தொடர்ந்தார்: "காது இல்ல வே அது. ஞாயித்துக்கிழமை கம்போளத்துல மிஷினு ஒண்ணும் ஓடாதுல்லா, கரண்டு சீரா வருது. வால்வுக்கு வோல்டேஜுதான் உசிரு."

இதுவும் நடக்கக்கூடியதே. மின்னழுத்தம் குறைந்தால் இழை மெதுவாகச் சூடேறும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வோல்ட் மீட்டரோடு வருகிறேன், சனிக்கிழமையும் வருகிறேன், இரண்டு நாளும் எழுதிவைப்போம் என்றேன். இதற்கு அவர் உடனே சம்மதித்தார். பரீட்சை தனக்கு இல்லை, மின்வாரியத்துக்கு என்று நினைத்திருக்கலாம். எழுதுகிற நோட்டில் எத்தனை நிமிஷத்தில் திறந்தது என்கிற கட்டத்தையும் அவரே போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.